‘கார்டைட் நெடி’யைத் தமிழில் எப்படி எழுதுவது?

நிலாமுற்றம்:

வணக்கம். ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன், தெரிந்தவர்கள் கை கொடுங்கள். பழைய ஆங்கிலத் துப்பறியும் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு கதை 1920-களில் இங்கிலாந்தில் நடக்கிறது. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் தன் படிப்பறையில் வெப்ளி ரிவால்வரால் சுடப்பட்டுக் கிடக்கிறார். கதவைத் திறக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கு முதலில் கண்ணில் எதுவும் படவில்லை, மூக்கில்தான் படுகிறது. கார்டைட் நெடி. அந்த வரியிலிருந்துதான் கதையே கிளம்புகிறது, அதனால் அதை மழுப்பிவிட்டுப் போக மனம் வரவில்லை.

அகராதியில் பார்த்தால் ‘புகையற்ற வெடிமருந்து வகை’ என்று இருக்கிறது. ‘அறையெங்கும் புகையற்ற வெடிமருந்தின் நெடி’ என்று எழுதிப் பார்த்தேன், புகை இல்லாததற்கு நெடி எங்கிருந்து வந்தது என்று எனக்கே கேட்கத் தோன்றியது. முதல் வரைவில் ‘கந்தக நெடி’ என்று போட்டிருந்தேன், நம் நாவல்களில் துப்பாக்கி வெடித்தால் அதுதானே வரும். படித்துப் பார்த்த நண்பர் ஓரத்தில் ‘கார்டைட்டில் கந்தகமே கிடையாது’ என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கார்டைட் என்றால் சரியாக என்ன? ‘வெடிமருந்து’ என்று பொதுவாக எழுதினால் தப்பா, இல்லை ‘கார்டைட்’ என்று அப்படியே விடலாமா? இதே தொகுப்பில் இன்னொரு கதை 1990-களில் நடக்கிறது, அதிலும் கொலை நடந்த அறையில் கார்டைட் நெடி வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போடலாமா? அப்புறம் தோட்டா, குண்டு இரண்டையும் நான் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன், அதையும் யாராவது சொன்னால் நன்றி.

வேதி வாத்தியார்:

அம்மா, உங்கள் நண்பர் சொன்னது சரி. கந்தகம் இருப்பது கருமருந்தில். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த அந்தக் கறுப்புப் பொடிதான் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மருந்து. நமக்கோ சிவகாசி வட்டாரத்தைக் கந்தக பூமி என்று சொல்லிச் சொல்லி, வெடி என்று எதைக் கேட்டாலும் மூக்கு முதலில் கந்தகத்தைத்தான் தேடுகிறது. கார்டைட் வேறு வழியில் வந்த பொருள். 1889-ல் பிரிட்டிஷ் அரசின் வெடிபொருள் குழுவில் இருந்த பிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டியூவர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் உருவாக்கியது. டியூவர் என்றால் உங்களுக்கும் பழக்கம்தான், வீட்டில் காபி ஊற்றி வைக்கிற பிளாஸ்க்குக்கு மூலமான வெற்றிடக் குடுவையைச் செய்தவர் அதே ஆள்.

அதில் இருந்தவை நைட்ரோகிளிசரின் என்ற வெடிக்கும் எண்ணெய், அமிலத்தில் ஊறவைத்த பஞ்சான வெடிபஞ்சு, கூடவே கொஞ்சம் வாஸ்லின். ஆமாம், உதட்டுக்குத் தடவுகிற வாஸ்லின்தான். குழாய் தேயாமல் இருக்கட்டும் என்று வழவழப்புக்காகச் சேர்த்தார்கள், பிறகு பார்த்தால் மருந்து நாளாவட்டத்தில் கெட்டுப் போகாமல் காப்பதே அந்த வாஸ்லின்தான் என்று தெரிந்தது. பொருளை இடியாப்பம் பிழிவது போல இழை இழையாகப் பிழிந்தார்கள். பழைய 303 ரைபிள் தோட்டா ஒன்றின் உள்ளே பார்த்தால் பொடி இருக்காது, பழுப்பு நிறத்தில் ஒரு கட்டுச் சேமியா நிற்கும். கப்பல் பீரங்கிக்கு என்றால் இழை விரல் கனத்துக்குக்கூடப் போகும். ஆங்கிலத்தில் கார்ட் என்றால் கயிறு, முதலில் ‘கயிற்றுப் பொடி’ என்கிற பொருளில் ‘கார்ட் பவுடர்’ என்றார்கள், அதுவே சுருங்கி ‘கார்டைட்’ ஆனது. ஆக அந்தப் பெயர் சொல்வது உருவத்தை மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது, என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பெயரில் ஒரு குறிப்பும் கிடையாது.

‘புகையற்ற’ என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளாதீர்கள். கருமருந்து சுட்டால் எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சி வெள்ளை மூட்டமாக எழும்பும், நான்கு முறை சுட்டால் எதிரி எங்கே என்றே தெரியாது, சுட்டவன் இருக்கும் இடம் மட்டும் ஊருக்கே தெரியும். அதோடு ஒப்பிட்டால் இது புகையற்றது, அவ்வளவுதான். கொஞ்சம் புகையும் உண்டு, நெடியும் உண்டு. நான் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமில் 303 சுட்டிருக்கிறேன். தீபாவளிப் பட்டாசு மாதிரி முட்டை அழுகிய வாசனை வரவில்லை, காய்ந்த மிளகாயை வாணலியில் கருக விட்டது போலத் தொண்டையில் ஒரு கமறல், அது சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். ‘வெடிமருந்து’ என்று எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதினால் தப்பில்லை, ஆனால் தமிழில் அந்த ஒரு சொல்லே எல்லாவற்றையும் சுமக்கிறது. பாறையைப் பிளக்கிறதும் வெடிமருந்து, குண்டை ஓட்டுகிறதும் வெடிமருந்து, பாலத்தைத் தகர்க்கிறதும் வெடிமருந்து. வேதியியலில் இவை ஒரே சாதி இல்லை. கார்டைட் மிக வேகமாக எரிந்து வாயுவாகிக் குழாய்க்குள் இருக்கும் குண்டைத் தள்ளுகிறது. டி.என்.டி. போன்றவை வெடிக்கும்போது அப்படி எரிவதில்லை, ஒலியைவிட வேகமான அதிர்வலை ஒன்று பொருளுக்குள் பாய்ந்து ஒரே நொடித்துளியில் அத்தனையையும் சிதறடிக்கும். அப்படி ஒன்றைத் துப்பாக்கித் தோட்டாவில் வைத்தால் துப்பாக்கியே சிதறும். வகுப்பில் நான் தள்ளும் மருந்து, தகர்க்கும் மருந்து என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். ஆங்கிலத்தில் ‘லோ’, ‘ஹை’ என்று இருப்பதைத் ‘தாழ்ந்த’, ‘உயர்ந்த’ என்று போட்டால் பிள்ளைகள் ஒன்று பலம் குறைந்தது, இன்னொன்று பலம் கூடியது என்று நினைத்துக்கொள்கிறார்கள், விஷயம் வேகத்தைப் பற்றியது என்பதே போய்விடுகிறது.

தோட்டா, குண்டு பற்றி: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் கொளுத்தி, நுனியில் ஈயம் எல்லாம் சேர்ந்த முழுப் பொருள் தோட்டா. பறந்து போய் உடம்பில் பாய்வது குண்டு. உங்கள் அதிகாரியின் நெஞ்சில் இருப்பது குண்டு, தரையில் உருண்டு கிடந்தால் அது வெறும் தோட்டாக் கூடு. ஆனால் வெப்ளி ரிவால்வர் தானாகக் கூட்டை வெளியே துப்பாது, மடக்கித் திறந்தால்தான் விழும். துப்பறியும் கதை என்பதால் இதையும் கவனித்து எழுதுங்கள்.

அருவங்காட்டுப் பையன்:

அக்கா, இந்தச் சொல்லைப் பார்த்ததும் ஓடி வந்தேன். எங்கள் ஊரில் ‘கார்டைட்’ என்பது ஒரு இடத்தின் பெயர். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் வெல்லிங்டன் தாண்டியதும் வரும் ஸ்டேஷன் அருவங்காடு, கீழே தெரிவதுதான் கார்டைட் பேக்டரி. வெள்ளைக்காரன் 1903-ல் ஆரம்பித்தது, இன்றும் ஓடுகிறது. ராணுவத் தொழிற்சாலைகளை 2021-ல் பல நிறுவனங்களாகப் பிரித்தபோது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து அந்தக் காலத்திலேயே இந்த ஆலைக்குக் கொண்டு வந்தார்கள். அதைப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

‘அவர் எங்கே வேலை பார்க்கிறார்?’ என்று கேட்டால் ‘கார்டைட்டில்’ என்பார்கள். பெண் பார்க்கும்போதுகூட ‘மாப்பிள்ளை கார்டைட்’ என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுவார்கள், அரசாங்க வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் அதற்குள் அடக்கம். என் தாத்தா வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைச் சொன்னவர், அதற்குக் கயிறு என்ற பொருள் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்காது, இன்றைக்கு வாத்தியார் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. மனசுக்கு என்னவோ போல இருந்தது. பாட்டி சொல்லும் விஷயம் ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது தாத்தா சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்ப்பாராம், தீப்பெட்டி தவறிக்கூட இருந்துவிடக் கூடாது என்று. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, கோவிலுக்குக் கிளம்பினாலும் பையைத் தட்டுவார்.

ஆனால் செய்தித்தாளில் பாருங்கள், ‘அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை’ என்றுதான் எழுதுவார்கள். ஊர்க்காரன் வாயில் ஆங்கிலச் சொல், பத்திரிகையில் தமிழ்ச் சொல். என் கருத்து, ‘கார்டைட்’ என்றே விடுங்கள் அக்கா. நீலகிரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குக்கூடத் தெரிந்த சொல் அது. நூறு வருடத்துக்கு மேல் தமிழ் வாயில் புழங்கிவிட்ட சொல்லை இனிமேல் அந்நியச் சொல் என்று எப்படிச் சொல்வது?

கல்லுடைக்கும் ஊர்:

குவாரியில் இருபது வருடம் ஓட்டியவன், மாமா காலத்திலிருந்து அந்தத் தொழில்தான். வாத்தியார் தள்ளும் மருந்து, தகர்க்கும் மருந்து என்று சொன்னாரே, அதைப் படித்ததும் எனக்கு ரொம்பச் சந்தோஷம், ஏனென்றால் இந்த வித்தியாசத்தைக் கல் வேலை செய்கிறவன் கையிலேயே வைத்திருக்கிறான். பாளமாக, முழுசாகக் கல் வேண்டும் என்றால் கருமருந்துதான் வைப்போம், அது கல்லை அப்படியே நெம்பித் தள்ளிக் கொடுக்கும், பிளவு ஓடும், கல் உள்ளே சேதமாகாது. ஜல்லிக்கு என்றால் ஜெலட்டின். அதைப் பாளத்துக்கு வைத்தால் கல்லுக்குள் மயிரிழை விரிசல் விழுந்துவிடும், மெருகு போடும்போது காட்டிக் கொடுக்கும், அந்தக் கல்லை எவனும் வாங்க மாட்டான். எங்கள் பேச்சில் முதலாவது ‘மருந்து’, இரண்டாவது ‘தோட்டா’. ஆமாம், குவாரியில் தோட்டா என்றால் துப்பாக்கித் தோட்டா இல்லை, குழியில் இறக்குகிற ஜெலட்டின் குச்சி. உங்கள் கதையில் சுரங்கமோ குவாரியோ வந்தால் கவனமாக இருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், உங்கள் 1990 கதைக்கு இது பதிலாகக்கூட இருக்கலாம். நாங்கள் இன்றைக்கும் ‘ஜெலட்டின்’ என்கிறோம், போலீஸ் பறிமுதல் செய்தாலும் ‘ஜெலட்டின் குச்சிகள் சிக்கின’ என்றுதான் செய்தி வருகிறது. ஆனால் பழைய ஜெலட்டின், அதாவது நைட்ரோகிளிசரின் போட்டது, இந்தியாவில் 2004-லிருந்து தடை. இப்போது வருவது எல்லாம் தண்ணீர் கலந்த கூழ் மாதிரியான வேறு சரக்கு. பழையதைக் கையால் தொட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும், மாமா நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருப்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். புதுச் சரக்கில் அந்தத் தலைவலி இல்லை. சரக்கு போய்விட்டது, பெயர் மட்டும் குச்சியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கார்டைட்டும் அந்த மாதிரிதானோ?

வேதி வாத்தியார்:

அதேதான் தம்பி, அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்டைட் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது, பிரிட்டனில் அதைச் செய்துவந்த கடைசி ஆலையும் இருபதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் மூடப்பட்டது. 1990-ல் ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டான் என்றால் அதில் இருப்பது மணி மணியாகவோ செதில் செதிலாகவோ இருக்கும் வேறு மருந்து. ஆனால் ஆங்கிலக் கதையாசிரியர்கள் ‘கார்டைட் நெடி’யை விடவே இல்லை, முன்னால் எழுதியவர்களைப் படித்துப் பழகிய கை. நாம் கந்தக நெடி என்று எழுதிக்கொண்டிருப்பதும் அந்தப் பழக்கம்தான், அங்கே ஒரு தலைமுறை பின்னால் நிற்கிறார்கள், நாம் இரண்டு தலைமுறை பின்னால்.

தலைவலி பற்றிச் சொன்னீர்கள். நைட்ரோகிளிசரின் ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால்தான் அந்த வலி. அதே காரணத்தால்தான் நெஞ்சு வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையிலும் அது இருக்கிறது. ஆல்பிரட் நோபெல் வாழ்நாள் முழுக்க அந்தப் பொருளோடு மல்லுக்கட்டியவர், 1896-ல், அவர் இறந்த வருடத்தில், மருத்துவர்கள் அவருடைய இதய நோய்க்கு எழுதிக் கொடுத்ததும் அதையேதான். அவரே நண்பருக்குக் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த நோபெல்லுக்குக் கார்டைட் மேல் ஒரு தீராத மனக்குறை உண்டு. நீங்கள் மொழிபெயர்ப்பாளர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏபல், டியூவர் இருவரும் கார்டைட் செய்வதற்கு முன்பே, 1887-ல், நோபெல் பாலிஸ்டைட் என்ற புகையற்ற மருந்தை உருவாக்கியிருந்தார், அந்த விவரங்களை இந்த வெடிபொருள் குழுவோடு பகிர்ந்தும் இருந்தார். கார்டைட் தன் காப்புரிமையை மீறியது என்று அவருடைய நிறுவனம் வழக்குப் போட்டது. கடைசியில் வழக்கு நின்ற இடம் ஒரே ஒரு அடைமொழி. நோபெல் தன் காப்புரிமையில் ‘யாவரும் அறிந்த, கரையும் வகை’ நைட்ரோசெல்லுலோஸ் (வெடிபஞ்சும் இதில் ஒரு வகைதான்) என்று எழுதியிருந்தார். கார்டைட்டில் போட்டது கரையாத வகை. நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே அப்படி ஒரு சுவர் கிடையாது, ஆனாலும் எழுத்து எழுத்துதான் என்று 1895-ல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரை போய் நோபெல் தரப்பு தோற்றது. ‘கரையும்’ என்ற அந்த ஒரு சொல்லை அவர் எழுதாமல் இருந்திருந்தால் முடிவு வேறு மாதிரி போயிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அலைவாய்:

வாத்தியார் ஐயா மேல் மரியாதையோடு ஒரு திருத்தம். ‘தள்ளும் மருந்து’ என்று மட்டும் சொல்லிவிட்டால் கார்டைட் சாது என்று வாசகர் நினைத்துவிடுவார். வெட்டவெளியில் கொளுத்தினால் சர்ரென்று எரியும், சரி. இறுக மூடிய அறையில் டன் கணக்கில் குவித்து வைத்திருக்கும்போது தீ பிடித்தால் தள்ளுவதற்கும் தகர்ப்பதற்கும் இடையே வித்தியாசம் பார்க்க அங்கே யாரும் மிஞ்ச மாட்டார்கள். 1916 மே 31, முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போர். இன்டிஃபாட்டிகபிள், குவீன் மேரி, இன்வின்சிபிள் என்று மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஒரே நாளில் வெடித்து மூழ்கின, மூவாயிரத்துக்கும் மேல் மாலுமிகள் செத்தார்கள். வேகமாகச் சுட வேண்டும் என்ற அவசரத்தில் கார்டைட் பைகளை வழியெல்லாம் அடுக்கி, தீ தடுக்கும் கதவுகளையும் திறந்து வைத்திருந்ததால் பீரங்கி மேடையில் பிடித்த தீ நேராக மருந்து அறைக்கு இறங்கியது என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்வது. அடுத்த வருடம் ஜூலையில் சண்டையே இல்லாமல், ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்ற வான்கார்ட் கப்பல் நள்ளிரவில் வெடித்து எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழசாகிக் கெட்டுப்போன கார்டைட்டின் மேல்தான் அங்கேயும் சந்தேகம். இந்த மருந்துக்குச் சூடு ஆகாது, வெப்பத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையத் தொடங்கும். தம்பியின் அருவங்காட்டுக் குளிரை நினைத்துக்கொண்டேன்.

கார்டைட் பிரிட்டிஷ் சரக்கு என்பதையும் மறக்க வேண்டாம். 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன எம்டனைப் பற்றி யாராவது கதை எழுதி ‘கடற்கரையெங்கும் கார்டைட் நெடி’ என்று போட்டால் தவறு, ஜெர்மானியர்களின் மருந்து வேறு. ஆனால் அதே வருடம் நவம்பரில் கோகோஸ் தீவருகே எம்டனை அடித்து முடித்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் மேல்தளத்தில் என்றால் தாராளமாக எழுதலாம், அந்தச் சண்டையில் சிட்னியின் கார்டைட்டே கொஞ்சம் தீப்பிடித்து மாலுமிகள் அணைத்தார்கள்.

சிறு பிள்ளைகள்கூட இந்தப் பொருளுக்காக உழைத்த கதை ஒன்று உண்டு. கார்டைட் செய்ய அசிட்டோன் வேண்டும், நகப்பூச்சு அழிக்கிற அதே திரவம். முதல் உலகப் போரில் அதற்குப் பெரும் தட்டுப்பாடு. கைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர் அவர்தான். சோளமும் கிடைக்காமல் போனபோது, 1917-ல், பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளிடம் குதிரைச் செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கித் தரச் சொன்னார்கள். தாங்கள் விளையாடுகிற அந்தக் கொட்டைகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்துக் கொடுத்த அந்தப் பிள்ளைகளுக்கு எதற்காக என்று விளக்கமாகச் சொல்லவில்லை.

சொல்வேர்:

‘மருந்து’ பற்றி ஒரு வார்த்தை. சீனத்தில் கருமருந்தின் பெயரே ‘தீ மருந்து’ என்ற பொருள் தருவது, சாகாத மருந்து தேடிய ரசவாதிகள் கையில் கிடைத்தது என்பதால் பொருத்தமான பெயர். மராத்தியிலும் இந்தியிலும் ‘தாரு’ என்றால் சாராயம் மட்டும் இல்லை, துப்பாக்கி மருந்தும்தான், மூலம் பாரசீகத்தில் மருந்து என்று பொருள்படும் சொல். நாமும் மருந்து என்கிறோம். அதனால் நிலாமுற்றம், ‘கார்டைட்’ என்று தனியாக விடாமல் ‘கார்டைட் மருந்து’ என்று எழுதுங்கள். மல்லிகைப் பூ, வேப்ப மரம் என்று பின்னால் இனப்பெயரைச் சேர்க்கிறோமே, அந்த மாதிரி. தெரியாதவருக்கும் புரிந்துவிடும், அடிக்குறிப்பும் தேவைப்படாது.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒரு சொல் கேட்டேன், இத்தனை வந்திருக்கிறது. சொல்வேர் சொன்னபடி உடனே எழுதிப் பார்த்தேன்: ‘கதவைத் திறந்ததும் கார்டைட் மருந்து நெடி அடித்தது.’ வாய்விட்டுப் படித்தால் ஒரு சிக்கல். ‘மருந்து நெடி’ என்றதும் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான் ஞாபகம் வருகிறது, டெட்டாலும் பினாயிலும். அந்த அறையில் ஒருவர் வேறு படுத்துக் கிடக்கிறார், வாசகர் அவரை நோயாளி என்றே நினைத்துவிடுவார் போலிருக்கிறது. 1990 கதையில் கார்டைட்டை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் மூல ஆசிரியர் எழுதியதை நான் திருத்துவது சரியா என்று ஒரு உறுத்தல்.

கல்லுடைக்கும் ஊர்:

நாங்கள் வெடி வைத்து முடிந்ததும் ‘மருந்து வாசம்’ என்று சொல்ல மாட்டோம் தங்கச்சி, ‘சுட்ட வாசம் அடங்கட்டும், அப்புறம் இறங்கு’ என்போம். சுட்ட என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

அருவங்காட்டுப் பையன்:

அண்ணன் சொன்னது அருமை. ‘சுட்ட கார்டைட்டின் நெடி’ என்றால் மருந்து என்ற சொல்லே வேண்டாம் அக்கா, துப்பாக்கி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வேதி வாத்தியார்:

ஆமாம், அதுவே போதும். அந்த வேலைக்காரப் பெண் பல வருடம் ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் இருந்தவள், அவளுக்குக் கார்டைட் என்ற பெயர் தெரிந்திருப்பதில் வியப்பில்லை, அதனால் பெயர் அவள் வாயில் வரட்டும். முதலில் நெடி, பிறகு பெயர் என்ற வரிசையில் வைத்தால் விளக்கமும் தேவைப்படாது. 1990 கதை பற்றிய உறுத்தலுக்கு: அந்த நெடியை வைத்து ஏதாவது துப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கை வைக்காதீர்கள், ஆசிரியர் எழுதியபடியே இருக்கட்டும். வராவிட்டால் ‘சற்றுமுன் சுட்ட துப்பாக்கியின் நெடி’ என்று எழுதுவதில் மூலத்துக்கு ஒரு துரோகமும் இல்லை.

நிலாமுற்றம்:

பார்த்துவிட்டேன் ஐயா, 1990 கதையில் துப்பு எதுவும் வரவில்லை, மாற்றிவிட்டேன். முதல் கதையின் வரி இப்போது இப்படி நிற்கிறது: ‘கதவைத் திறந்ததும் தொண்டை கமறியது. அவளுக்கு இந்த நெடி தெரியும், ஐயா பயிற்சிக்குப் போய்விட்டு வரும் நாட்களில் அவர் கோட்டில் இருக்கும். சுட்ட கார்டைட்.’ கோட்டு மட்டும் மூலத்தில் இல்லை, வாத்தியார் ஐயாவின் என்.சி.சி. சட்டையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அதிகமாகிவிட்டதா?

வேதி வாத்தியார்:

பயிற்சி என்பதை எடுத்துவிடுங்கள், அவர் ஓய்வு பெற்றவர். முயல் வேட்டை என்றால் அது வேறு துப்பாக்கி, வேறு மருந்து. ‘போரிலிருந்து விடுப்பில் வந்த நாட்களில்’ என்று வையுங்கள், 1920-களில் அவளுக்கு அது பத்து வருடத்துக்குள் பட்ட ஞாபகம்தான். கோட்டு இருக்கட்டும்.